வரையறையா, தனியியல்பா, பேரினமா? பண்டைக் கிரேக்கர்கள் வாதாடிய முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“மனிதன் சிரிக்கத் தெரிந்த விலங்கு” என்கிறார் ஒருவர். இது மனிதனுக்கு வரையறை ஆகுமா? அவனுக்கு மட்டும் வாய்த்த ஓர் இயல்பா? அல்லது அவனைப் பற்றிய ஏதோ ஒரு செய்தியா? சிறிய கேள்விதான். ஆனால் இதற்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே, சொன்னவரை எப்படி மறுக்கலாம் என்பது அமையும். கி.மு. நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸில் இதை ஒரு கலையாகவே பயின்றார்கள். தர்க்கம் படிக்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் என்னால் இயன்ற பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தச் சொற்கள் எந்த நூலில் வருகின்றன?

அரிஸ்டாட்டிலின் ‘தோபிக்கா’ என்ற நூலில். அவர் கி.மு. 384இல் வட கிரேக்கத்தில் உள்ள ஸ்டகைராவில் பிறந்தார். இளவயதில் ஏதென்ஸுக்கு வந்து, பிளேட்டோ நடத்திய அகாடமி என்ற பள்ளியில் சுமார் 20 ஆண்டுகள் இருந்தார். ‘தோபிக்கா’வில் எட்டுப் பகுதிகள் உள்ளன. முதல் பகுதி அறிமுகம். இரண்டும் மூன்றும் தற்செயல் பண்பைப் பற்றியவை. நான்காவது பேரினம், ஐந்தாவது தனியியல்பு, ஆறும் ஏழும் வரையறை. எட்டாவது பகுதி, கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்கிறது.

நூலின் நோக்கத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார். எந்தச் சிக்கலை யார் முன்வைத்தாலும், மதிப்புப் பெற்ற கருத்துகளிலிருந்து தொடங்கி வாதிடக் கற்க வேண்டும். நாமே ஒரு கருத்தைத் தாங்கிப் பேசும்போது, அதற்கு முரணாக எதையும் சொல்லிவிடாமல் இருக்கவும் கற்க வேண்டும். அதற்கான வழியைக் கண்டறிவதே நோக்கம். ஆகவே இது ஓய்வாக உட்கார்ந்து பொருள்களை வகைப்படுத்துவதற்கு எழுதிய நூல் என்று எண்ணிப் படித்தால் பாதி விளங்காது. எதிரே ஒருவர் நின்று கேள்வி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அந்த வாதம் எப்படி நடக்கும்?

இருவர் வேண்டும். ஒருவர் ஒரு கருத்தை ஏற்று நிற்பார். மற்றவர் கேள்வி கேட்பார். “ஆம்” அல்லது “இல்லை” என்று பதில் வரும்படிதான் கேட்க வேண்டும். “மனிதன் என்றால் என்ன?” என்று கேட்பது இந்த வாதத்தில் செல்லாது. “‘இரண்டு காலால் நடக்கும் விலங்கு’ என்பது மனிதனின் வரையறையா, இல்லையா?” என்று கேட்டால் செல்லும். கேள்வியாளர் ஒவ்வொரு ஒப்புதலாகப் பெற்றுச் சேர்த்துவைப்பார். அந்த ஒப்புதல்களிலிருந்தே எதிராளியின் கருத்துக்கு நேர் முரணான முடிவு பிறந்துவிட்டால் வெற்றி அவருக்கு.

இப்போது கேள்வியாளரின் இடத்தில் நின்று பாருங்கள். எதிராளி “அ என்பது ஆ” என்று சொல்லியிருக்கிறார். அதை எந்தப் பக்கத்திலிருந்து தாக்குவது? அவர் ‘ஆ’வை வரையறையாகச் சொன்னாரா, பேரினமாகச் சொன்னாரா, தனியியல்பாகச் சொன்னாரா என்று முதலில் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உடையும் இடம் வேறு. நான்கு வகைகளைப் பிரித்த பயன் இதுதான்.

அந்த நான்கும் என்ன?

ஒரு பொருளைப் பற்றி நாம் சொல்லும் எதுவும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும் என்பது அரிஸ்டாட்டிலின் துணிபு.

வரையறை என்பது ஒரு பொருள் அந்தப் பொருளாக இருப்பது எதனால் என்று காட்டும் சொற்றொடர். தனியியல்பு அந்தச் சாரத்தைக் காட்டாது. ஆனாலும் அந்தப் பொருளுக்கு மட்டுமே உரியது, அதனோடு இருவழியும் பொருந்துவது. அவர் தரும் எடுத்துக்காட்டு எழுத்தறிவு பெறும் ஆற்றல். மனிதன் என்றால் எழுத்துக் கற்க வல்லவன். எழுத்துக் கற்க வல்லது எது என்றால் மனிதன். பேரினம் என்பது, வகையால் வேறுபட்ட பல பொருள்களைப் பற்றி “இது என்ன?” என்று கேட்டால் பொதுவாக வரும் பதில். மனிதன் என்ன? விலங்கு. எருது என்ன? அதுவும் விலங்கு. தற்செயல் பண்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்டது. அதே ஆள் சற்று நேரத்தில் எழுந்து நின்றுவிடுவார்.

கிரேக்கத்தில் இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்?

வரையறைக்கு அவர் பயன்படுத்தும் சொல் ‘ஹோரோஸ்’. அந்தச் சொல்லுக்கு எல்லைக்கல் என்ற பொருளும் உண்டு. ஏதென்ஸின் பொதுத் திடலான அகோராவில் நடந்த அகழாய்வில், கி.மு. 500ஐ ஒட்டிய காலத்து எல்லைக்கற்கள் கிடைத்திருக்கின்றன. “நான் அகோராவின் எல்லை” என்று அவற்றில் பொறித்திருக்கிறது. கல்லே தன்னைப் பற்றிப் பேசுகிறது. ஒரு சொல்லின் பொருள் எதுவரை, எங்கே முடிகிறது என்று நட்டுவைக்கும் கல்தான் வரையறை. நம் ‘வரையறை’யிலும் ‘வரை’ எல்லையைக் குறிக்கிறது. தனித்தனியே பிறந்த இரண்டு மொழிகளும் இந்தக் கருத்துக்கு நிலத்தின் எல்லையையே நாடியிருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

தனியியல்பு ‘இடியோன்’, அதாவது சொந்தமானது, பிறர்க்கு இல்லாதது. பேரினம் ‘கெனோஸ்’, அதாவது பிறப்பு, குலம். ஒன்றைப் பற்றி ஒன்றைச் சொல்வதைக் குறிக்க அரிஸ்டாட்டில் எடுத்துக்கொண்ட வினைச்சொல், ஏதென்ஸ் நீதிமன்றத்தில் ஒருவர் மேல் குற்றம் சாட்டுவதைக் குறித்த சொல். அந்த வழக்கு மன்ற வாடை நூல் முழுவதும் வீசுகிறது.

வரையறையும் தனியியல்பும் ஒன்றுபோலவே தெரிகின்றனவே, எப்படிப் பிரிப்பது?

எல்லோரும் தடுமாறும் இடம் இது. தடுமாறுவதில் நியாயமும் இருக்கிறது. இரண்டுமே பொருளோடு இருவழியும் பொருந்துகின்றன. இரண்டையுமே முன்பின்னாக மாற்றிச் சொல்லலாம். ‘தோபிக்கா’வின் முதல் பகுதியில் அரிஸ்டாட்டிலே முதலில் இரண்டையும் ‘இடியோன்’ என்ற ஒரே கூரையின் கீழ் வைக்கிறார். பிறகுதான், சாரத்தைக் காட்டுவதற்கு ஹோரோஸ் என்று பெயர் வைப்போம், காட்டாததற்கு இடியோன் என்ற பொதுப்பெயரே இருக்கட்டும் என்று பிரிக்கிறார்.

ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மூன்று நேர்க்கோடுகளால் சூழப்பட்ட தள வடிவம்’ என்பது அதன் வரையறை. ‘உட்கோணங்களின் கூட்டுத்தொகை இரண்டு செங்கோணம்’ என்பதும் எல்லா முக்கோணங்களுக்கும் உண்டு. நேர்க்கோடுகளால் ஆன தள வடிவங்களில் வேறு எதற்கும் இல்லை. சுற்றெல்லை ஒன்றுதான். ஆனால் இரண்டாவதை ஒருவருக்குச் சொன்னால் அவர் “ஏன் அப்படி?” என்று கேட்பார். கேட்க வேண்டும். யூக்ளிட் அதைத் தம் முதல் புத்தகத்தின் 32ஆம் தேற்றமாக வைத்து மெய்ப்பிக்கிறார். ஓர் உச்சியின் வழியே எதிர்ப் பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால் மெய்ப்பு கைக்கு வந்துவிடும். முதலாவதைச் சொன்னால் “முக்கோணத்துக்கு ஏன் மூன்று பக்கம்?” என்று யாரும் மெய்ப்புக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவருக்கு இன்னும் முக்கோணம் என்றால் என்ன என்று தெரியவில்லை என்று பொருள்.

ஆக, நான் கைக்கொள்ளும் சோதனை இது: இருவழியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால், அதிலிருந்து மற்றவை விளங்குகின்றனவா, அல்லது அதை விளக்க வேறொன்று தேவைப்படுகிறதா என்று பாருங்கள். விளக்கம் தேவைப்படுவது தனியியல்பு.

எப்போதும் உண்மையாக இல்லாத ஒன்று தனியியல்பு ஆகுமா?

பொதுவாக ஆகாது. தூக்கம் மனிதனின் தனியியல்பு அல்ல என்கிறார் அரிஸ்டாட்டில். ஏதோ ஒரு வேளையில் உலகத்தில் மனிதர் மட்டுமே தூங்கிக்கொண்டிருந்தாலும் அது தனியியல்பு ஆகாது. ஒன்றோடு ஒப்பிடும்போது மட்டும் தனியாக நிற்பது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தனியாக நிற்பது என்ற தளர்ந்த வகைகளையும் ஐந்தாம் பகுதியில் அவர் ஏற்கிறார். உடற்பயிற்சிக் கூடத்தில் இப்போது நடந்துகொண்டிருப்பவர் இவர் ஒருவர்தான் என்றால், அது இப்போதைக்கு இவருடைய தனியியல்பு. வாதத்தில் இதற்கு மதிப்புக் குறைவு.

சாக்ரடீஸ் தேடியதும் இதைத்தானே?

ஆம். நான்கு வகைகளுக்கும் பெயர் வைத்தவர் அரிஸ்டாட்டில். அவை இல்லாததால் வந்த திண்டாட்டம் சாக்ரடீஸின் உரையாடல்களில் இருக்கிறது.

பிளேட்டோ எழுதிய ‘யூத்திஃப்ரோ’ என்ற உரையாடலைப் பாருங்கள். கி.மு. 399. சாக்ரடீஸ் மேல் தெய்வ நிந்தனை வழக்கு வந்திருக்கிறது. சமய வழக்குகளைக் கவனித்த அதிகாரியான அரச ஆர்க்கனின் மண்டபத்தருகே அவர் யூத்திஃப்ரோவைச் சந்திக்கிறார். யூத்திஃப்ரோ வந்திருப்பதோ தம் சொந்தத் தந்தைமேல் கொலை வழக்குத் தொடுக்க. அவர்களுடைய நிலத்தில் ஒரு கூலியாள் குடிவெறியில் ஓர் அடிமையைக் கொன்றுவிட்டான். தந்தை அந்தக் கூலியாளைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வது என்று கேட்டுவர ஆளனுப்பினார். ஆள் திரும்புவதற்குள் பசியாலும் குளிராலும் அவன் இறந்துபோனான். தந்தை மேல் வழக்குத் தொடுப்பது பக்தியா, பாவமா? தமக்குத் தெரியும் என்கிறார் யூத்திஃப்ரோ. அப்படியானால் பக்தி என்றால் என்ன என்று கேட்கிறார் சாக்ரடீஸ்.

தடுமாறித் தடுமாறி யூத்திஃப்ரோ வந்து சேரும் பதில்: தெய்வங்கள் அனைவரும் விரும்புவதே பக்தி. சாக்ரடீஸ் திருப்பிக் கேட்கிறார்: அது பக்தியாக இருப்பதால் விரும்புகிறார்களா, விரும்புவதால் அது பக்தி ஆகிறதா? அது பக்தியாக இருப்பதால்தான் என்று யூத்திஃப்ரோ ஒப்புக்கொள்கிறார். உடனே சாக்ரடீஸ், “நான் அதன் சாரத்தைக் கேட்டேன், நீங்களோ அதற்கு நேரும் ஒன்றைச் சொன்னீர்கள்” என்ற பொருள்பட மறுக்கிறார். எண்ணிப் பார்த்தால், தெய்வங்கள் விரும்புவதெல்லாம் பக்தி, பக்தியெல்லாம் தெய்வங்கள் விரும்புவது என்று இருவழியும் பொருந்தினாலும் இந்த மறுப்பு நிற்கும். முக்கோணத்தின் கோணத் தொகைபோல, “ஏன்?” என்ற கேள்விக்கு இடம் விட்டுவிட்டது அந்தப் பதில்.

பிளேட்டோவின் இன்னோர் உரையாடலான ‘மேனோ’வில் சாக்ரடீஸே வடிவத்துக்கு ஒரு விளக்கம் தருகிறார்: நிறத்தோடு எப்போதும் சேர்ந்தே வருவது எதுவோ, அதுவே வடிவம். நிறம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று மேனோ மடக்குகிறார். சாக்ரடீஸ் கோபப்படவில்லை. திடப்பொருளின் எல்லை என்று வேறு விளக்கம் தருகிறார். முதல் விளக்கம் தனியியல்பின் சாயலில் இருக்கிறது. இரண்டாவது வரையறையின் சாயலில் இருக்கிறது. பெயர் வைக்காமலேயே வேறுபாட்டைத் தொட்டுவிட்டார்கள்.

பேரினத்தைச் சொல்வது எளிதுதானே? அதில் என்ன தவறு நேரும்?

எளிது என்று தோன்றுவதால்தான் தவறு நேர்கிறது. நான்காம் பகுதியில் அரிஸ்டாட்டில் அடுக்கும் எடுத்துக்காட்டுகளில் பனி அடிக்கடி வருகிறது.

முதலில், வெண்மை பனியின் பேரினம் ஆகுமா? ஆகாது. பனி வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான். “பனி என்ன?” என்று கேட்டால் “வெண்மை” என்று பதில் சொல்ல மாட்டோம். அன்னப்பறவைக்கும் இதே கதைதான். எப்படி இருக்கிறது என்பதை, என்ன என்பதற்குப் பதிலாக வைத்துவிடும் தவறு இது.

அடுத்தது இன்னும் நுட்பமானது. பனி ‘உறைந்த நீர்’ என்கிறோம். நீர் பேரினம், உறைந்திருப்பது வேறுபாடு, அதாவது அதே பேரினத்தில் உள்ள மற்றவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் கூறு. பார்க்க ஒழுங்காகவே இருக்கிறது. அரிஸ்டாட்டில் ஏற்கவில்லை. பேரினம் என்றால் அதன் வகையைப் பற்றி அப்படியே சொல்ல முடிய வேண்டும். மனிதனை விலங்கு என்று சொல்லலாம். பனியை நீர் என்று சொல்லலாமா? முடியாது என்பது அவர் தீர்ப்பு. சேற்றை ஈரம் கலந்த மண் என்பவர்களையும், திராட்சை மதுவை மரத்துக்குள் புளித்த நீர் என்று பாடிய மெய்யியல் கவிஞர் எம்பெடோகிளீஸையும் இதே கேள்வியால் மடக்குகிறார். மது நீரே அல்ல என்றால் ‘புளித்த நீர்’ எப்படி அதன் வரையறை ஆகும்?

பனி விஷயத்தில் இன்றைய வேதியியல் படித்தவர் அரிஸ்டாட்டிலோடு மல்லுக்கு நிற்கலாம். பனியும் நீரும் ஒரே மூலக்கூறு. அவர் பேசுவதோ நாம் பேசும் மொழியில் எந்தச் சொல் எதன்மேல் ஏறும் என்பதை. எடுத்துக்காட்டை விட்டுவிட்டாலும் சோதனை நிற்கிறது. நீங்கள் பேரினம் என்று சொன்ன சொல்லை எடுத்து அந்தப் பொருளின் மேல் நேரடியாக வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையா? அது பேரினம் இல்லை.

இன்னொரு தாக்குதல் முறை, கீழே உள்ளவற்றில் ஒன்று பேரினத்துக்கு வெளியே நிற்கிறதா என்று தேடுவது. இன்பத்தின் பேரினம் நன்மை என்கிறாரா ஒருவர்? நன்மையல்லாத ஓர் இன்பத்தைக் காட்டினால் போதும். ஒரே ஓர் இன்பம். வாதம் முடிந்தது.

உயிரியலில் சொல்லும் பேரினமும் இதுவும் ஒன்றா?

உயிரியலுக்கு அந்தச் சொல் இங்கிருந்துதான் போனது. அளவு வேறு. உயிரியலில் பேரினம் ஒரு குறிப்பிட்ட படிநிலை. அரிஸ்டாட்டிலிடம் அது சார்புச்சொல். விலங்கு மனிதனுக்குப் பேரினம், அதுவே உயிருள்ளவற்றில் ஒரு வகை. நிறம், அறிவு, நற்பண்பு எல்லாவற்றுக்கும் பேரினம் உண்டு.

தனியியல்பைச் சொல்லும்போது எங்கே வழுக்கும்?

ஐந்தாம் பகுதி இதற்கென்றே எழுதியது. வறட்சியான பகுதி என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நெருப்பையும் சூரியனையும் பற்றிய இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளுக்காகவாவது படிக்க வேண்டும்.

நெருப்பின் தனியியல்பு ‘உயிருக்கு மிகவும் ஒத்த பொருள்’ என்கிறார் ஒருவர். உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நெருப்பை நாம் கண்ணால் பார்க்கிறோம், உயிரை அப்படிப் பார்க்க முடியாது. தெரியாததைக் கொண்டு தெரிந்ததை விளக்கினால் பயன் என்ன?

சூரியனின் தனியியல்பு ‘பூமிக்கு மேலே செல்லும் விண்மீன்களில் மிக ஒளியுள்ளது’ என்கிறார் இன்னொருவர். பகலில் பார்த்தால் சரிதான். மாலையில் சூரியன் மறைந்தபின்? அது அப்போதும் பூமிக்கு மேலே செல்கிறதா என்பதைக் கண் சொல்ல முடியாது. புலனால் மட்டுமே அறியும் ஒன்றைத் தனியியல்பாக வைத்தால், புலனுக்கு எட்டாதபோது அது பொருந்துகிறதா என்பதே தெரியாமல் போகிறது. பொருளின் மேற்பரப்புக்கு ‘முதலில் நிறம் ஏறுவது’ என்று சொல்வதில் இந்தக் குறை இல்லை என்கிறார் அரிஸ்டாட்டில், ஏனெனில் அது எப்போதும் உடனிருப்பது வெளிப்படை.

மூன்றாவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. நெருப்பு ‘மிகவும் லேசான பொருள்’ என்று வைத்துக்கொள்வோம். அன்றைய இயற்பியலின்படி அது சரி. நாளை நெருப்பு முழுவதுமே அழிந்துபோனால்? மிஞ்சியிருக்கும் பொருள்களில் ஏதோ ஒன்று அப்போதும் மிகவும் லேசானதாக இருக்கும். நெருப்பு இல்லை, நெருப்பின் ‘தனியியல்பு’ மட்டும் வேறொன்றிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே ‘மிக’ என்ற உச்சப் படியில் தனியியல்பைச் சொல்லாதீர்கள். ‘உலகின் மிகப் பெரிய’, ‘நாட்டிலேயே மூத்த’ என்று ஒன்றை அடையாளப்படுத்தும்போதெல்லாம் இந்த ஓட்டை திறந்தே இருக்கிறது. இன்னொன்று பெரிதாகக் கட்டப்பட்ட நாளில், கட்டடம் அதே இடத்தில் இருக்கும், அதன் அடையாளம் போய்விடும்.

இறகு பிடுங்கிய சேவலின் கதை இதில் எங்கே வருகிறது?

டயோஜனீஸ் லேர்ஷியஸ் என்பவர் மெய்யியலாளர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த நூலில் சொல்லும் கதை அது. பிளேட்டோ மனிதனை ‘இறகில்லாத இருகால் விலங்கு’ என்று வரையறுத்தார், எல்லோரும் பாராட்டினார்கள். சினோப்பைச் சேர்ந்த டயோஜனீஸ் என்ற வேறொரு மெய்யியலாளர் ஒரு சேவலின் இறகுகளைப் பிடுங்கிப் பள்ளிக்குள் கொண்டுவந்து, “இதோ பிளேட்டோவின் மனிதன்” என்றார். அதன்பின் ‘அகன்ற நகங்கள் உடைய’ என்ற சொற்களைச் சேர்த்தார்களாம்.

கதை உண்மையோ இல்லையோ, தர்க்கம் துல்லியமாக இருக்கிறது. இருவழிப் பொருத்தம் உடைந்தது. மனிதரெல்லாம் இறகில்லாத இருகாலிகள், ஆனால் இறகில்லாத இருகாலிகளெல்லாம் மனிதரல்லர். அது உடைந்தால் வரையறையும் இல்லை, தனியியல்பும் இல்லை.

இதற்கு அரிஸ்டாட்டிலிடம் ஒரு மறுமொழி தயாராக இருக்கிறது. இயற்கையாக உள்ளதைச் சொல்ல விரும்புகிறவர் ‘இயற்கையால்’ என்ற சொல்லைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று தனியியல்புப் பகுதியில் எச்சரிக்கிறார். மனிதனுக்கு இரண்டு கால் என்றால், காலிழந்த ஒருவரைக் காட்டி எதிராளி மறுத்துவிடுவார். ‘இயற்கையால் இரண்டு கால்’ என்று சொல்லியிருந்தால் அந்த வழி அடைபடும். சேவல் இயற்கையால் இறகுள்ளது. டயோஜனீஸ் பிடுங்கியதால்தான் அது போயிற்று. ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் சேவல் தப்பித்திருக்கும்! நகங்களைச் சேர்த்த ஒட்டுவேலையைவிட இந்தத் திருத்தம் எவ்வளவோ மேல்.

ஆனால் சேவலை விரட்டிவிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இறகில்லாமை மனிதன் ஏன் பேசுகிறான், ஏன் நகரம் அமைத்து வாழ்கிறான் என்று எதையாவது விளக்குகிறதா? இல்லை. திருத்திய வடிவமும் அதிகம் போனால் தனியியல்பு.

வரையறையில் உவமை பயன்படுத்தலாமா?

கூடாது என்பதில் அரிஸ்டாட்டில் உறுதியாக இருக்கிறார். அடக்கம் என்பது ‘இசைவு’, பூமி ஒரு ‘செவிலி’, சட்டம் என்பது இயற்கையில் நீதியானவற்றின் ‘உருவம்’ என்பவற்றை ஆறாம் பகுதியில் எடுத்துக் காட்டுகிறார். சட்டம் ஓவியமா, அதற்கு வரைந்தவர் உண்டா என்று எதிராளி கேட்டால் என்ன செய்வது? வழக்கில் இல்லாத சொற்களையும் அவர் விரும்பவில்லை. கண்ணைப் ‘புருவநிழலி’ என்றும் எலும்பு மச்சையை ‘எலும்பில் பிறந்தது’ என்றும் பிளேட்டோ சொல்லியிருப்பதைக் குறை சொல்கிறார். தம் ஆசிரியராயிற்றே என்று விட்டுவிடவில்லை. கவிதையில் அழகாக இருக்கும் சொல், வரையறையில் இருட்டைக் கொண்டுவருகிறது.

சுழல் வரையறையும் இதே பகுதியில் வருகிறது. சூரியன் ‘பகலில் தோன்றும் விண்மீன்’ என்கிறீர்கள். பகல் என்றால் என்ன? பூமியின் மேல் சூரியன் செல்லும் நேரம். ஆக, சூரியனை விளக்கச் சூரியனையே பயன்படுத்திவிட்டீர்கள். வரையறைக்குள் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வரையறையை இட்டுப் பார்த்தால் இது தானே வெளியே வந்துவிடும்.

நான்கில் எது வாதத்தில் எளிதில் உடையும்?

வரையறை. நூலின் மிக முக்கியமான செய்தி என்று நான் கருதுவது ஏழாம் பகுதியின் இறுதியில் இருக்கிறது: வரையறையை உடைப்பதுபோல் எளிதானது எதுவும் இல்லை, நிறுவுவதுபோல் கடினமானதும் எதுவும் இல்லை.

காரணத்தை எண்ணிப் பாருங்கள். வரையறை என்று ஒன்றைச் சொன்னவர், தெரிந்தோ தெரியாமலோ பல வாக்குறுதிகளைக் கொடுத்துவிட்டார். அது அந்தப் பொருளுக்கு உண்மையில் பொருந்தும், அதற்கு மட்டுமே பொருந்தும், சரியான பேரினத்தில் வைத்திருக்கிறேன், வேறுபாடுகள் சரியானவை, சொன்னது சாரத்தையே காட்டுகிறது, சொன்ன விதமும் தெளிவாக இருக்கிறது. இத்தனையையும் அவர் நிலைநாட்ட வேண்டும். எதிராளிக்கோ இவற்றில் ஏதாவது ஒன்று சரிந்தால் போதும். தனியியல்பும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே வாக்குறுதிகள் கொஞ்சம் குறைவு.

தற்செயல் பண்பு இதற்கு நேர்மாறு. “இவர் உட்கார்ந்திருக்கிறார்” என்றவர் எதையும் அதிகமாக வாக்களிக்கவில்லை. எப்போதும் என்றோ, இவர் மட்டும் என்றோ, இதுதான் இவர் சாரம் என்றோ சொல்லவில்லை. நிறுவுவது எளிது. உடைக்கக் கையில் எதுவும் கிடைக்காது.

எவ்வளவு சொல்கிறோமோ அவ்வளவுக்குத் தாக்குதலுக்கு இடம் கொடுக்கிறோம். ஆனாலும் வரையறை தேடுவதைக் கிரேக்கர்கள் விட்டுவிடவில்லை. உட்கார்ந்திருப்பவரைப் பற்றிய செய்தியிலிருந்து அடுத்து எங்கும் போக முடியாது. முக்கோணத்தின் வரையறையிலிருந்து ஒரு வடிவியலே கிளம்பி வருகிறது.

நான்கு மட்டும்தானா? ஐந்தாவது இருக்க முடியாதா?

இரண்டே கேள்விகளால் அவர் நான்கையும் வரவழைக்கிறார். சொன்னது பொருளோடு இருவழியும் பொருந்துகிறதா? பொருந்தினால், சாரத்தைக் காட்டுவது வரையறை, காட்டாதது தனியியல்பு. பொருந்தாவிட்டால், அது வரையறைக்குள் இடம்பெறும் கூறா? ஆம் என்றால் பேரினம் அல்லது அதைச் சார்ந்த வேறுபாடு. இல்லை என்றால் தற்செயல் பண்பு. ஐந்தாவதற்கு இடமே இல்லை.

ஆனால் பாடநூல்களில் ஐந்து என்று படித்தேனே?

அது போர்ஃபிரியின் வேலை. டயர் நகரத்து மெய்யியலாளரான அவர் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய ‘ஐசகோகே’ என்ற சிறு அறிமுக நூலில் பேரினம், வகை, வேறுபாடு, தனியியல்பு, தற்செயல் பண்பு என்று ஐந்தைப் பட்டியலிட்டார். வரையறை பட்டியலிலிருந்து போய்விட்டது. வகையும் வேறுபாடும் உள்ளே வந்தன. ரோமானிய அறிஞர் போயத்தியஸ் அதை லத்தீனில் மொழிபெயர்த்ததும் இடைக்கால ஐரோப்பா முழுவதும் தர்க்கத்தின் முதல் பாடம் அதுவாகிவிட்டது.

தனியியல்பை நான்காகப் பிரித்துக் காட்டியது போர்ஃபிரியின் நல்ல பணி. மருத்துவம் பார்ப்பது மனிதருக்கு மட்டும் உண்டு, எல்லா மனிதருக்கும் இல்லை. இரண்டு கால் எல்லா மனிதருக்கும் உண்டு, மனிதருக்கு மட்டும் இல்லை. முதுமையில் நரைப்பது மனிதருக்கு மட்டும், எல்லோருக்கும், ஆனால் ஒரு காலத்தில்தான். சிரிக்கும் ஆற்றல் மனிதருக்கு மட்டும், எல்லோருக்கும், எப்போதும் உண்டு. ஒருவர் இப்போது சிரிக்காமல் இருந்தாலும் சிரிக்க வல்லவர். கடைசி வகையே கண்டிப்பான தனியியல்பு. இந்தப் பக்கத்தின் முதல் கேள்விக்குப் பழைய பள்ளிகள் சொன்ன பதிலும் இதுதான்: சிரிப்பு மனிதனுக்குத் தனியியல்பு, வரையறை அல்ல.

இழப்பும் உண்டு. வாதக்களத்தில் பிறந்த கருவி, போர்ஃபிரியிடம் வகைப்பாட்டு அட்டவணையாக மாறிவிட்டது. கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் மறைந்துபோனார்கள். அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவருக்கு அது எதற்கு என்று தெரியாமல் போனது இதனால்தான்.

அகாடமியில் உண்மையிலேயே இப்படிப் பயிற்சி நடந்ததா?

நகைச்சுவை நாடகக்காரர் எபிக்ராட்டிஸின் ஒரு துண்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் அகாடமியின் மாணவர்கள் ஒரு பூசணியைச் சுற்றிக் குனிந்து நின்று, அது எந்தப் பேரினம் என்று யோசிக்கிறார்கள். உருண்டைக் காய்கறி என்கிறார் ஒருவர், புல் என்கிறார் இன்னொருவர், மரம் என்கிறார் மற்றொருவர். சிசிலியிலிருந்து வந்த ஒரு மருத்துவர் இவர்களை மதிக்காமல் அநாகரிகமாகக் காற்றுப் பிரிக்கிறார். பிளேட்டோ சற்றும் கோபப்படாமல், மறுபடி முதலிலிருந்து பிரித்துப் பாருங்கள் என்கிறார். பகடிதான். ஆனால் பகடி செய்யும் அளவுக்கு இந்தப் பழக்கம் ஊருக்குத் தெரிந்திருந்தது.

பிளேட்டோவின் ‘சோபிஸ்ட்’ உரையாடலில் தூண்டில்காரரை வரையறுக்கும் பகுதி அந்தப் பயிற்சியின் நல்ல பதிவு. கலைகளை ஆக்குபவை, கைப்பற்றுபவை என்று இரண்டாகப் பிரித்து, கைப்பற்றுவதில் வேட்டை, அதில் நீர்வாழ் உயிர்கள், அதில் மீன், வலையால் அல்லாமல் அடித்துப் பிடிப்பது, கொக்கியால், அதுவும் கீழிருந்து மேலாக இழுப்பது என்று படிப்படியாக இறங்குகிறார்கள்.

வாதத்தில் வெல்வதுதான் நோக்கம் என்றால், அது ஏமாற்று வித்தை ஆகாதா?

எட்டாம் பகுதியைப் படித்தால் ஐயம் வரத்தான் செய்யும். முடிவு என்ன என்று எதிராளிக்குத் தெரியாதபடி கேள்விகளைக் கலைத்துக் கேளுங்கள், தேவையற்றவற்றையும் இடையில் சேருங்கள் என்றெல்லாம் அரிஸ்டாட்டில் கற்றுத்தருகிறார். ஆனால் அதே பகுதியில், வாதம் இருவரும் சேர்ந்து செய்யும் வேலை, அதைக் கெடுப்பவர் மோசமான கூட்டாளி என்கிறார். யாரோடும் வாதிடலாம் என்று இறங்காதீர்கள் என்றும் எச்சரிக்கிறார். பயிற்சி, பிறரோடு உரையாடல், மெய்யியல் அறிவு என்று மூன்று பயன்களை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்கிறார். ஒரு சிக்கலின் இரண்டு பக்கத்துக்கும் வாதிடப் பழகியவருக்கு, எது உண்மை எது பொய் என்று பிரித்தறிவது எளிதாகும் என்பது அவர் நம்பிக்கை. பழகிப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வீட்டில் பயிற்சி செய்ய முடியுமா?

முடியும். அரிஸ்டாட்டில் சொல்வது: பெருக்கல் வாய்ப்பாடு நாவில் நிற்பதுபோல் அடிக்கடி வரும் வாதங்கள் நாவில் நிற்க வேண்டும், முக்கியமான சொற்களின் வரையறைகள் கைவசம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடன், நட்பு, விடுமுறை, எதுவானாலும் சரி. ஒரு வரையறை எழுதுங்கள். பிறகு கேள்வியாளராக மாறி, பேரினத்தை அந்தச் சொல்லின்மேல் வைத்துப் பாருங்கள், இருவழியும் திருப்பிப் பாருங்கள், உள்ளே ஒளிந்திருக்கும் சுழலைத் தேடுங்கள். எதிரே ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது.

அரிஸ்டாட்டிலுக்கு முன் யாரும் இதை எழுதவில்லையா?

இதற்குப் பதில் ‘தோபிக்கா’வின் தொடர்ச்சியாகக் கருதப்படும் ‘சோபிஸ்ட்டுகளின் மறுப்புகள்’ என்ற நூலின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. பேச்சுக்கலையைப் பற்றி முன்னோர் எழுதிவைத்தது ஏராளமாக இருந்தது என்கிறார். வாதமுறையைப் பற்றியோ முன்பு எதுவுமே இருக்கவில்லை, நெடுங்காலம் தட்டித் தடவி உழைத்தே இதைக் கண்டறிந்தோம் என்கிறார். அப்புறம் கேட்பவர்களை நோக்கித் திரும்பி, விட்டுப்போனவற்றுக்காக மன்னிக்கும்படியும், கண்டறிந்தவற்றுக்காக மிகுந்த நன்றி பாராட்டும்படியும் கேட்டுக்கொள்கிறார்.